கறண்ட் இருந்தால் அது பதில் சொல்லும்

இன்று காலை தேநீரை வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தபோது, கை தன்பாட்டில் போனைத் திறந்து உன் பெயருக்குப் போய்விட்டது. நான் கடைசியாக அனுப்பியது அப்படியே கிடந்தது. "எழும்பிட்டியோ?" அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு சரிக்குறி.

ஒரு சரி விழுந்தால் செய்தி என் போனை விட்டுப் போய்விட்டது. இரண்டு விழுந்தால் உன் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் நீ பார்த்துவிட்டாய். பக்கத்து வீட்டுப் பெண்தான் எனக்கு இதை விளங்கப்படுத்தினாள். சாம்பல் நிறத்தில் அந்த இரண்டு சரியையும் பார்த்தால் இப்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஏனென்று கேட்டால் சொல்லி விளங்கவைக்க உன்னைவிட எனக்கு ஆள் இல்லை. நீயோ போய்விட்டாய். ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் அந்தக் கப்பல் முகவர் கந்தோரில் சேர்ந்தவர்கள். தட்டெழுத்தில் நீ என்னைவிட வேகம், நான் உன்னைவிடப் பிழை குறைவு. அதை வைத்தே எத்தனை காலம் சண்டை பிடித்துக் கொழுவினோம். துறைமுக வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம், தேயிலைப் பெட்டிகள் மணக்கிற பண்டகசாலைக்குப் பக்கத்தில் கந்தோர். அதன் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு தெலிபிரின்டர். பார்வைக்குப் பெரிய தட்டெழுத்து மெசின்தான். ஆனால் பின்பக்கத்தால் ஒரு தந்தி வயர் போனது. அந்த வயரின் மறுமுனை கொழும்பில், எங்கள் தலைமைக் கந்தோரில், குளிரூட்டிய ஒரு பெரிய அறைக்குள் அலுமாரி அலுமாரியாக நிற்கிற கொம்பியூட்டரில் இருக்கிறது என்று மனேஜர் சொன்னார். "இஞ்ச அடிக்கிறது அங்க போகுமெண்டால், அங்க ஊத்திற தேத்தண்ணி இஞ்ச வருமோ எண்டு கேட்டுப் பாரடி" என்று நீ என் காதுக்குள் சொன்னாய். சிரிப்பை அடக்க ஏலாமல் நான் வெளியே ஓடிவிட்டேன்.

வேலை பழகினோம். நேரடியாக அடித்தால் வயரில் நேரம் வீண் என்று, முதலில் எல்லாவற்றையும் கடதாசி நாடாவில் துளைகளாக அடித்துக்கொள்வோம். எந்தக் கப்பல், எத்தனை பெட்டி, என்ன எடை. பிறகு நாடாவை மெசினில் மாட்டிவிட்டால் அது தன் நடையில் கடகடவென்று அனுப்பிக்கொண்டிருக்கும். கப்பல்காரன் வாசலில் நின்று கத்தினாலும் அதற்கு அவசரம் கிடையாது. கொழும்பில் கொம்பியூட்டர் அதையெல்லாம் விழுங்கிக் கூட்டிக் கழித்து, பதிலை எங்கள் மெசினிலேயே அடிக்கும். ஒருவரும் தொடாமல் கடதாசியில் எழுத்து விழுந்ததை முதல் தடவை பார்த்தபோது நீ செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய். பிறகு அதைச் சொல்லிப் பகிடி பண்ணினால் உனக்குக் கோபம் வரும்.

வயர் ஹபரணைக் காட்டுக்குள்ளால் போனது. யானை தந்திக் கம்பத்தில் முதுகைச் சொறிந்தால் நடுவில் ஒரு குறி தவறிவிடும். இனி வருவது இலக்கம் என்று சொல்கிற குறி தவறினால், பெட்டிகளின் எடையெல்லாம் எழுத்தாக மாறிப் போய்ச் சேரும். கொழும்பிலிருந்து தொலைபேசியில் ஏச்சு வரும். "யானை, சேர்" என்று நீ மரியாதையாகச் சொல்வாய். அது பொய்யில்லை என்பதால் அவர்களுக்கு மேலே ஏசவும் வராது.

மறுமுனையில் சரியான மெசின்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்த விசை. அதை அமத்தினால், வயரின் அந்தப் பக்கத்தில் இருக்கிற மெசினைப் பார்த்து 'யார் நீ' என்று கேட்டதாக அர்த்தம். நாங்கள் அதை 'ஆர் நீ' விசை என்போம். ஒவ்வொரு மெசினுக்குள்ளும் சீப்புப் போலப் பல் வைத்த ஒரு சின்ன டிரம் இருந்தது. பற்களைக் குறட்டால் ஒடித்து ஒடித்து அந்தந்தக் கந்தோரின் அடையாளத்தை அதில் பதித்திருப்பார்கள். 'ஆர் நீ' என்று கேட்டதும் அந்த டிரம் ஒரு சுற்றுச் சுற்றும். அந்த அடையாளம் எங்கள் கடதாசியில் விழும்.

"கறண்ட் இருந்தால் அது பதில் சொல்லும், ஆள் இருக்கத் தேவையில்லை" என்றார் மெசின் பூட்ட வந்தவர்.

"அப்ப எங்களை என்னத்துக்கு வேலைக்கு எடுத்தவை?" என்றாய் நீ.

கொம்பியூட்டருக்கும் எங்கள்மேல் நம்பிக்கை இருக்கவில்லை. அதுவும் முதலில் எங்கள் டிரம்மைக் கேட்டுப் பார்த்து, அடையாளம் சரியென்றால்தான் நாடாவை ஏற்கும். தொடங்கும்போது ஒருமுறை கேட்கவேண்டும். அனுப்பி முடிந்ததும் இன்னொருமுறை கேட்கவேண்டும். முடிவிலும் அதே பதில் வந்தால்தான் நடுவில் வயர் அறவில்லை, அனுப்பியது போய்ச் சேர்ந்தது. எனக்குப் பொறுமை இல்லை, உனக்குத் தெரியும். கடைசித் துளை போனதும் கைப்பையைத் தூக்குவேன். நீ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து இருத்துவாய். "முடிவில கேக்காமப் போகாதை."

பிறகு கொழும்பு முனையில் இருக்க எங்களில் ஒருத்தி வேண்டும் என்றார்கள். உன் அம்மா விடவில்லை. என் அப்பா விட்டார். அம்மா இல்லாத பிள்ளையைத் தனியாக அனுப்புகிறானே என்று ஊர் சொன்னதை அவர் கயிறு விற்கிற கடையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் வயரின் இரண்டு பக்கமும் இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் கடைசி நாடா போன பிறகு, வயரை விடுவதற்கு முன்னம், கொஞ்சம் கதைப்போம். மெசினில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருந்தது. அதிலேயே தமிழை அடிப்போம், இன்றைக்குப் பிள்ளைகள் போனில் அடிக்கிற மாதிரி. அப்பா கடையைப் பூட்டிவிட்டு உன் கந்தோர் யன்னலடிக்கு வந்து நிற்பார். நான் அடித்ததை நீ கிழித்து எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுவாய். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. வாசித்து முடிந்ததும் கடதாசியை வாங்கி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைப்பாராம். வாசிக்கத் தெரியாத கடதாசியை என்ன செய்கிறார் என்று நான் கேட்டதற்கு, "வீட்டில போய்த் திருப்பித் திருப்பிப் பாக்கிறாராம், உன்ர சின்னம்மா சொன்னவ" என்று நீ அடித்தாய்.

கொழும்பில் தமிழரைத் தேடி அடித்த கலவரம் வந்த காலையில் நான் மெசினுக்கு முன்னால் இருந்தேன். தெருவில் புகை. எங்களோடு வேலை செய்த ஒரு சிங்களப் பெண் ஓடிவந்து என் பொட்டைத் தன் கையாலேயே அழித்தாள். பின்கதவால் இழுத்துக்கொண்டு போனாள். மெசினை நிறுத்துகிற நினைப்பு எனக்கு வரவில்லை. அவள் வீட்டில் ஒளித்திருந்து, பிறகு ஒரு பள்ளிக்கூடத்து நிலத்தில் நூற்றுக்கணக்கான சனத்தோடு படுத்திருந்து, பிறகு கப்பலில் வடக்கே போய் இறங்கி, பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது, என் அப்பாவைச் சுடலையில் எரித்து முடிந்திருந்தது.

நித்திரையிலேயே போய்விட்டார் என்றார், அப்பாவோடு வீட்டில் இருந்த சின்னம்மா. முதலில் சாப்பிடாமல் கிடந்தாராம். ஊரடங்கு தளர்த்தினபோது உன் யன்னலடிக்குப் போனாராம். திரும்பி வரும்போது மீன் வாங்கிக்கொண்டு வந்தாராம். "பிள்ளை சுகமா இருக்கிறாளாம், மெசினில வந்தது" என்று சொல்லிச் சோறு கேட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, ஒருநாள் எழும்பவில்லை.

அன்று பின்னேரம் நீ வந்தாய். என்னைக் கட்டிப் பிடித்து அழுதாய். நான் அழவில்லை.

"மெசினில என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"டிரம் பதில் சொன்னது."

"நான் அங்க இல்லை. அது டிரம். அது ஆளில்லாமலும் சொல்லும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். கறண்ட் இருக்கு, கட்டடம் எரியேல்ல எண்டு தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்டும் தெரியாது."

"அப்பாவுக்கு என்னத்தை வாசிச்சனீ?"

"அப்பா, சுகமா இருக்கிறன், பயப்பிடாதேங்கோ, சாப்பிடுங்கோ எண்டு வாசிச்சனான்" என்றாய். "அவர் யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவரடி. நான் வேற என்னத்தை வாசிக்கிறது?"

கொழும்புக் கந்தோரின் அடையாளம் மட்டும் விழுந்த அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு, நீ ஒரு முழுக் கடிதத்தை வாசித்திருக்கிறாய். எழுத்துத் தெரியாத மனிசனை ஏய்த்தாய் என்று நான் சொன்னேன். அதைவிட மோசமான ஒன்றையும் நினைத்தேன், அதைச் சொல்லவில்லை. நான் அந்தச் சீமெந்து நிலத்தில் பசியோடு கிடந்து அப்பா அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் மீன்குழம்போடு சோறு தின்றார். என்னைத் தேடாமலே செத்துப்போனார். ஒரு மகளுக்கு அப்பாவிடமிருந்து கிடைக்கவேண்டிய அந்தத் தேடலை என்னிடமிருந்து நீ பறித்துவிட்டாய் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது நியாயமாகவே பட்டது.

நாங்கள் கொழுவிக்கொண்டு பிரியவில்லை. பிரிந்திருந்தால் என்றைக்காவது சேர்ந்திருப்போம். கந்தோரை மூடினார்கள், நீ கலியாணம் கட்டிச் சம்பூருக்குப் போனாய், உன் மகள் பிறந்தபோது நான் தொட்டில் சீலை கொண்டுவந்தேன். சண்டையில் சம்பூரை விட்டு எல்லோரும் கிளம்பவேண்டி வந்த வருஷம், முகாமில் உன்னைத் தேடிப்பிடித்து அரிசியும் மாற்றி உடுக்க இரண்டு சோட்டியும் தந்தேன். கூடாரத்துத் தறப்பாளுக்குக் கீழே இருந்து மழையைப் பற்றிக் கதைத்தோம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தோம். என் அப்பாவின் பெயர் உன் வாயில் ஒருநாளும் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒருமுறை நீ அந்த நாளைப் பற்றி "அண்டைக்கு" என்று தொடங்கினாய். நான் எழும்பி, பஸ் போய்விடும் என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. உனக்கும் அது தெரியும்.

மகள் உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்ட பிறகுதான் போன் மூலம் மறுபடி சிநேகிதம் கூடியது. வேடிக்கை என்ன என்றால், முகம் பார்த்துக் கதைப்பதைவிட அடித்துக் கதைப்பதுதான் எங்களுக்கு நன்றாக வந்தது. பழைய மாதிரியே ஆங்கில எழுத்தில் தமிழ். "அங்க பனி" என்று நீ, "இஞ்ச வெயில்" என்று நான். "அங்க யானை இல்லையோ" என்று கேட்டால் "இருந்தாலும் குளிருக்கு வெளிய வராது" என்பாய். நீ பழைய வேகத்தோடு அடிப்பாய், பிழையும் பழையபடி. ஒவ்வொரு நாள் காலையும் நான் "எழும்பிட்டியோ?" என்று கேட்பேன். உனக்கு அது முதல் நாள் இரவு. "இன்னும் படுக்கவே இல்லை" என்று பதில் வரும்.

பிறகு பதில் வரவில்லை. இரண்டு சரி விழுந்தது, நீலமாகவில்லை. வேலையாக இருக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இரண்டு சரி. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று நினைத்தேன். செய்தி போய்ச் சேருகிறதே, சேருகிற இடத்தில் நீ இருக்காமல் எங்கே போவாய்? அந்த மெசினில் அத்தனை காலம் வேலை செய்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அந்த வாரம் சம்பூருக்குப் போனேன். உன் அக்கா கட்டிலோடு இருக்கிறா, உனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் கேட்டா, "தங்கச்சியின்ர கதை ஒண்டுமில்லையே பிள்ளை? இப்ப போன் எடுக்கிறாளில்லை. சுகமா இருக்கிறாளோ?"

"ஓம் அக்கா, சுகமா இருக்கிறா" என்றேன். "நான் காலையில மெசேஜ் போட்டனான், போய்ச் சேர்ந்திட்டுது. பயப்பிடாதேங்கோ."

அக்கா தலையணையில் சாய்ந்தா. தனக்கும் ஒரு தேநீர் போடச் சொன்னா.

அதற்குப் பிறகு உன் மகள் போன் எடுத்தாள். நான் அக்காவிடம் சொன்ன அந்த நேரத்தில் நீ இல்லை. அதற்கு முந்தியே ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். உன் நோய் வருத்தத்தை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று நீதான் மகளைத் தடுத்தாயாம். அவளும் அழுகைக்குள்ளும் அலுவல்களுக்குள்ளும் ஊருக்கு அறிவிக்கப் பிந்திவிட்டாள். உன் போன் குசினி மேசையில், நீ கடைசியாகச் செருகிய இடத்தில், சார்ஜில் கிடந்தது. நான் அனுப்பியதையெல்லாம் அது வாங்கிக்கொண்டு இருந்தது.

"நான்தான் அக்காவுக்குச் சொல்லவேணும்" என்று உன் மகளிடம் சொன்னேன். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அக்கா என்ன கேட்பா என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் உன்னைக் கேட்டதைத்தான் கேட்பா. தெரியாததை ஏன் சொன்னாய் என்று. அதற்கு உன்னுடைய பதிலைத் தவிர என்னிடமும் வேறு பதில் இல்லை. அவ கட்டிலில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா, நான் வேறு என்ன சொல்வது?

அக்கா நெடுநேரம் அழுதா. நான் அவவின் காலடியில் இருந்து, அண்டைக்கு நான் சொன்னது பிழை அக்கா, எனக்கே தெரியாமல்தான் சொன்னேன் என்றேன். அவ மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தா.

"போ பிள்ளை. நீ அண்டைக்குச் சொன்னாப்பிறகு நான் நல்லா நித்திரை கொண்டனான். அந்த நாளுகளில எனக்கு அவள் உயிரோடதானே இருந்தவள்."

இவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டா. படுக்கையில் கிடக்கிற அவவுக்கு உடனே வந்த சொல், எனக்கு இத்தனை வருஷமாக வரவில்லை. அப்பாவின் கடைசி நாட்களில் நான் உயிரோடு இருந்தேன். யன்னல் கம்பிக்கு உள்பக்கம் நின்று, வெறும் அடையாளம் விழுந்த கடதாசியில், நீ என்னை அவருக்குக் கொடுத்திருக்கிறாய். உள்ளுக்குள் நீயும் நடுங்கிக்கொண்டுதானே வாசித்திருப்பாய்? நான் செத்துக்கிடக்கிறேனோ என்று உனக்கும் பயமாக இருந்திருக்குமே. உன் பயத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த மழையில், தறப்பாளுக்குக் கீழே, நீ "அண்டைக்கு" என்று தொடங்கியபோது, பஸ் போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். என் அப்பாவை நீ பசியோடு சாகவிடவில்லை. இந்த ஒரு வசனத்தை நான் உனக்கு அடித்து அனுப்பியிருந்தால் போதும். அடிக்க எத்தனை நேரம் பிடித்திருக்கும்? எங்கள் பழைய மெசினில்கூட ஒரு மூச்சு நேரம்.

நேற்று உன் மகள் மறுபடி எடுத்தாள். உன் உடுப்புகளையெல்லாம் ஒதுக்குகிறாளாம். "அம்மாவின்ர போன் இன்னும் சார்ஜிலதான் கிடக்கு, அன்ரி. நிப்பாட்டட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்."

அவள் ஏனென்று கேட்கவில்லை. அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். அழுதேன்தான்.

அது மெசின், எனக்குத் தெரியும். கறண்ட் இருந்தால் அது பதில் சொல்லும், ஆள் இருக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த ஒரு வசனத்தை இன்று காலை அடித்தேன், ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு பிழையும் விடாமல், இரண்டு தரம் வாசித்துப் பார்த்து. அனுப்பிவிட்டுப் போனை வைக்கப் போனவள், நீ சட்டைக் கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்து, திரும்ப எடுத்தேன். முடிவில் ஒருமுறை கேட்கவேண்டும் அல்லவா.

"இருக்கிறியோடி?" என்று கேட்டேன்.

இரண்டு சரி விழுந்தது.